யாரைப் போய்க் கேக்கறது?



தீபாவளி முடிஞ்ச கையோட மழை பிடிச்சுக்கிச்சு. கழனியில முழங்கால் தண்ணி, உள்ள எறங்க வழியில்ல. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுட்டு திண்ணையில உக்காந்து இதை எழுதறேன். மல்லாட்டை விதைப்பு பத்தி எழுதலாம்னுதான் நோட்டை எடுத்தேன். மனசு வேற எடத்துக்குப் போவுது. சரி, அதையே எழுதிடறேன்.

நம்ம கொல்லை செம்மங்குப்பம் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கு. ஒண்ணே கால் ஏக்கர், பாதி சவுக்கு, பாதி மல்லாட்டை. முப்பது வருஷமா அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போய் வந்துக்கிட்டு இருக்கேன். மாட்டு வண்டியில போயிருக்கேன், சைக்கிள்ல போயிருக்கேன், இப்ப டிவிஎஸ் எக்ஸெல்ல போறேன். கேட் சாத்தியிருந்தா பத்து நிமிஷம் நிப்போம். நிக்கிற நேரத்துல ஊர்க் கதை, விலைவாசி, யார் வீட்டுல கல்யாணம், எல்லாம் பேசி முடிச்சிடுவோம். எங்களுக்கு அது ஒரு டீக்கடை மாதிரி.

2025 ஜூலை 8-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில அந்த எடத்துல என்ன நடந்ததுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். விழுப்புரத்துல இருந்து மயிலாடுதுறை போற பாசஞ்சர், ஸ்கூல் வேன்ல மோதுச்சு. மூணு பிள்ளைங்க போயிட்டாங்க. அதுல ரெண்டு பேர் ஒரே வயித்துல பொறந்த அக்கா தம்பி. சத்தம் கேட்டு உதவிக்கு ஓடுன ஒருத்தருக்கு அறுந்து கெடந்த மின்கம்பி பட்டு காயம். நான் போய்ச் சேர்ந்தப்ப கூட்டம் கூடிடுச்சு. அதுக்கு மேல அதை எழுத எனக்குக் கை வரல. எழுதவும் வேண்டாம்.

நான் எழுத வந்தது அதுக்கப்புறம் நடந்ததைப் பத்தி.

அன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க. ரயில்வே அதிகாரிங்க, மந்திரிங்க, கட்சிக்காரங்க, டிவிக்காரங்க. கேட்கீப்பரை சஸ்பெண்ட் பண்ணாங்க, போலீஸ் கைது பண்ணுச்சு. யார் பேர்ல எவ்வளவு தப்புன்னு கோர்ட்டு சொல்லட்டும். அவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது, அதனாலதான் இப்படின்னு நாலு நாள் பெரிய பேச்சு ஓடுச்சு. எனக்கு அந்தப் பேச்சுல முழு சம்மதம் இல்ல. ஒரு மனுஷன் தூங்கிட்டாலோ மறந்துட்டாலோ ரயில் நிக்கணும். அவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் மனுஷன்தானே, மறப்பான். மறந்தா காப்பாத்த அங்க ஏற்பாடு இருந்துதா? அதைத்தான் கேக்கணும்.

இல்லைங்கறதுதான் உண்மை. அது 170-ம் நம்பர் கேட், இன்டர்லாக்கிங் இல்லாதது. இன்டர்லாக்கிங்னா என்னன்னு ரயில்வேயில வேலை பாத்து ஓய்வு வாங்குன நம்ம மச்சான் ஒருத்தர் சொன்னாரு. கேட்டை சாத்திப் பூட்டுனாத்தான் சிக்னல் பச்சை விழும், கேட் தொறந்திருந்தா சிக்னல் சிவப்புலயே நிக்கும், ரயில் வராது. விபத்து நடந்தப்ப நம்ம கேட்டுல அது கெடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவாரு, கேட்கீப்பர் சாத்திட்டேன்னு பதில் சொல்லி ஒரு நம்பர் குடுப்பாரு, அவ்வளவுதான். வாய்ச்சொல்லை நம்பித்தான் ரயில் வந்துச்சு. இத்தனை வருஷம் அதுல நின்னு ஊர்க்கதை பேசுன எங்களுக்கு இது தெரியாது. பிள்ளைங்க செத்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

எந்த கேட்டுக்கு அந்த வசதி வைக்கறதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்காம். ஒரு நாளைக்குப் போற ரயிலோட எண்ணிக்கையை, கேட்டைத் தாண்டற வண்டியோட எண்ணிக்கையால பெருக்கணும். உதாரணத்துக்கு 20 ரயில், 200 வண்டின்னு வைங்க, பெருக்குனா 4,000. முன்ன இந்தக் கணக்கு 10,000 தாண்டினாத்தான் இன்டர்லாக்கிங். இந்த விபத்துக்கு அப்புறம் ரயில்வே மந்திரி அதை 3,500ன்னு கொறைச்சாரு. எல்லா கேட்டுலயும் கேமரா வைக்கணும்னும் உத்தரவு போட்டாரு. நல்லதுதான், வேண்டாங்கல.

அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் கேட்டேன். காரு, லாரி, பஸ், மாட்டு வண்டி எல்லாம் ஒண்ணுன்னு கணக்கு. ஆட்டோ அரை. டூவீலர் கால். அப்ப நான் கொல்லைக்குப் போறது கால் கணக்கு. நடந்து போற எங்க வீட்டம்மா கணக்குலயே கெடையாது. தலையில புல்லுக்கட்டு வச்சிருந்தாலும் கெடையாது. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்த அந்த வேனும் ஒண்ணுதான். உள்ள எத்தனை உசுரு இருந்துச்சுன்னு அந்தக் கணக்கு கேக்காது. கணக்கு போடறவங்களைக் குத்தம் சொல்லல. ஏதோ ஒரு கணக்கு வேணும்தான். ஆனா அந்தக் கணக்கு சரியா தப்பான்னு சொல்ல, அந்தக் கேட்டைத் தாண்டற ஒருத்தரைக் கூட யாரும் கேட்டதில்ல. எனக்கு அதுதான் ஆதங்கம்.

அடுத்தது சுரங்கப்பாதை. விபத்து அன்னைக்கு தெற்கு ரயில்வே ஒரு அறிக்கை விட்டுச்சு. இந்த எடத்துல சுரங்கப்பாதை கட்ட முழுச் செலவும் ரயில்வேயே ஏத்துக்க ஒப்புதல் இருக்கு, ஒரு வருஷமா மாவட்ட கலெக்டர் அனுமதி தரலன்னு சொன்னாங்க. இந்தப் பக்கம் இவங்க, அந்தப் பக்கம் அவங்க. பேப்பர்ல படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு வருஷமா நம்ம கேட்டைப் பத்தி ரெண்டு ஆபீஸ் நடுவுல கடுதாசி போய் வந்திருக்கு. நம்ம ஊர்ல யாருக்காவது தெரியுமா? டீக்கடையில விசாரிச்சேன். நாலு பேருக்குக் கூட தெரியல.

இப்ப என்னைக் கேட்டா, சுரங்கப்பாதை வேணுமா வேண்டாமான்னு உடனே பதில் சொல்ல மாட்டேன். ஏன்னா இது தாழ்வான பூமி. ஐப்பசி கார்த்திகையில பெஞ்சா எங்க கொல்லையிலயே பத்து நாள் தண்ணி நிக்கும். 2015-ல கடலூர் மாவட்டம் முழுக்க மூழ்குனதை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. அந்த மண்ணுல பள்ளம் தோண்டி பாதை போட்டா அது பாதையா இருக்குமா, குளமா இருக்குமா? 2021 செப்டம்பர்ல புதுக்கோட்டை பக்கம் துடையூர்ல ரயில்வே சுரங்கப்பாதையில மழைத் தண்ணி நின்னு, கார் உள்ள மாட்டி ஒரு டாக்டரம்மா செத்துப் போனாங்க. அதுவும் பாதுகாப்புக்குன்னு கட்டுன பாதைதான். வைக்கோல் ஏத்துன டிராக்டர் உள்ள போகுமா, நெல் அறுக்கற மிஷின் நுழையுமா, மோட்டார் வச்சு தண்ணி எறைக்க ஆளு யாரு, கரண்ட் பில்லு யாரு கட்டறது, இதையெல்லாம் முன்னாடியே பேசணும். இன்டர்லாக்கிங் போதுமா, மேம்பாலம் வருமா, சுரங்கப்பாதைன்னா தண்ணி எந்த வாய்க்கால்ல வடியும்? இதுக்கு பதில் இன்ஜினியர் கிட்ட பாதி இருக்கு. மீதி பாதி எந்த மழைக்கு எங்க எவ்வளவு தண்ணி நின்னுதுன்னு தெரிஞ்ச எங்க ஊர்க் கிழவங்க கிட்ட இருக்கு. ரெண்டு பாதியும் ஒரு எடத்துல உக்காந்து பேசறதுக்குன்னு சட்டத்துல ஒரு எடம் இருக்கு. அதுக்குப் பேருதான் கிராம சபை.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 அக்டோபர் கூட்டத்தை 11-ம் தேதி வச்சாங்க. முதலமைச்சர் காணொலியில பேசுனாரு. ஊருக்கு முக்கியமான மூணு தேவை எதுன்னு நீங்களே தேர்ந்தெடுங்கன்னு சொன்னாங்க. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. சட்டையை மாட்டிக்கிட்டுப் போனேன்.

எங்க ஊர்க் கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து தெருவிளக்கு கேட்டுச்சு. ஒருத்தரு சுடுகாட்டுப் பாதை கேட்டாரு. எல்லாம் நியாயமான தேவைதான். அப்ப எங்க பெரியம்மா ஒருத்தங்க, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், கையை ஊணி எழுந்து நின்னாங்க.

"தம்பி, ரயில்வே கேட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க. அதை முதல்ல எழுதுங்க."

மேசையில இருந்தவரு மரியாதையாத்தான் பதில் சொன்னாரு. "அது ரயில்வே சம்பந்தப்பட்டதும்மா, ஊராட்சியில வராது."

"சரி, அப்ப கம்பெனி நாத்தம்?"

"அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்மா."

"அப்ப எங்க ஊர்ல எதுதான்யா உங்க கிட்ட வரும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா சிரிக்கல, உக்காந்துட்டாங்க. நானும் சிரிச்சேன்னு சொல்ல இப்ப வெக்கமா இருக்கு.

அவரு சொன்னது முழுசா சரி கெடையாது. ஊராட்சி தன் காசுல ரயில்வே கேட் கட்ட முடியாது, நெசம். ஆனா எங்க ஊர் சனங்களுக்கு இது வேணும்னு தீர்மானம் போட்டு ரயில்வேக்கும் கலெக்டருக்கும் அனுப்பறதை யாரும் தடுக்க முடியாது. தனி ஆளு குடுத்தா மனு. நூறு பேர் கையெழுத்தோட தீர்மானப் புத்தகத்துல ஏறுனா அது ஊரோட சொல்லு. அந்த நேரத்துல எனக்கு இதைச் சொல்லத் தோணல. வீட்டுக்கு வந்து சோத்துல கையை வச்சப்பதான் தோணுச்சு. அதுவும் ஒரு காரணம் நான் இதை எழுதறதுக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு மேசையில உக்காந்திருந்தவரு எங்க தலைவர் கெடையாது. எங்களுக்குத் தலைவரே கெடையாது. நகரத்துல இருக்கிற உங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாதுன்னு நெனைக்கிறேன். 2019 டிசம்பர்ல நாங்க ஓட்டுப் போட்டோம். அவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோட முடிஞ்சு போச்சு. கடலூரோட சேர்த்து 28 மாவட்டத்துல இதே கதை. அதுக்கப்புறம் 2025-ல தேர்தல் நடக்கல. தனி அலுவலருங்க தான் ஊராட்சியைப் பாத்தாங்க. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டமே சொல்லுது. இது ரெண்டாவது தடவை வேற. 2016-லயும் இப்படித்தான் முடிஞ்சுது, மூணு வருஷம் கழிச்சுத்தான் தேர்தல் வந்துச்சு. அப்ப ஆண்ட கட்சி வேற, 2025-ல ஆண்ட கட்சி வேற. வழக்கம் மட்டும் ஒண்ணு.

ஆக, ஜூலை 8-ம் தேதி அந்தப் பிள்ளைங்க போனப்ப எங்க பக்கத்து எந்த ஊர்லயும் தலைவர் இல்ல, வார்டு மெம்பர் இல்ல, ஒன்றியக் கவுன்சிலர் இல்ல. வந்த மந்திரி காரு திரும்பிப் போனப்புறம், "என்னய்யா ஆச்சு நம்ம கேட்டு விசயம்"னு மறுநாள் காலையில போய்க் கேக்க ஒரு வீட்டு வாசல் இல்ல.

பழைய தலைவரை நான் ஒண்ணும் உத்தமர்னு சொல்லல. கமிஷன் அடிச்சாருன்னு ஊரே பேசுச்சு, நானும் பேசியிருக்கேன். ஆனா ஒரு மழைக்கு எங்க வாய்க்கால் கல்வெட்டு அடைச்சு, தண்ணி தெருவுக்கு ஏறுனப்ப, அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "வெளிய வா, வந்து பாரு"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தோம். மதியத்துக்குள்ள ஜேசிபி வந்துச்சு. நல்லவரா இருந்ததால வரல. அடுத்த தடவை எங்க ஓட்டு வேணும்னு தெரிஞ்சதால வந்துச்சு.

இந்த வருஷம் அதே கல்வெட்டு மறுபடி அடைச்சுது. ஒரு ஆபீஸுக்கு மனு குடுத்தேன், பேரு வேண்டாம். மூணு வாரம் கழிச்சு போனுக்கு மெசேஜ் வந்துச்சு, உங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டதுன்னு. ஓடிப் போய்ப் பாத்தேன். அடைப்பு அப்படியே இருக்கு. மனுதான் முடிஞ்சு போச்சு. அடைப்பு முடியல. கடைசில நானும் நாலு பேரும் மம்முட்டி எடுத்துக்கிட்டு எறங்கி பாதி மண்ணை வாருனோம். மீதி பாதி இன்னும் கெடக்கு. இப்ப திண்ணையில உக்காந்து பாத்தா தண்ணி அந்தப் பக்கமிருந்துதான் ஏறுது.

மனு முகாமே தப்புன்னு நான் சொல்லல. "உங்களுடன் ஸ்டாலின்" முகாமை ஜூலை 15-ம் தேதி நம்ம சிதம்பரத்துலதான் தொடங்குனாங்க, அந்த விபத்து நடந்து சரியா ஒரு வாரம். மகளிர் உரிமைத்தொகை, பட்டா மாறுதல்னு பல பேருக்கு வேலை நடந்துச்சு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் இருக்கு. மாசா மாசம் விவசாயிங்க குறைதீர் கூட்டம் இருக்கு. எல்லாம் இருக்கட்டும். ஆனா இதெல்லாம் தனி மனுஷன் தன் குறையைக் கையில பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிற எடம். என் பட்டா, என் பென்ஷன். ரயில்வே கேட்டு யாரோட பட்டா? கம்பெனி நாத்தம் யாரோட பென்ஷன்? ஊருக்குப் பொதுவான குறைக்கு அந்த வரிசையில கவுன்ட்டர் கெடையாது.

நாத்தம்னு சொன்னேன், அதையும் சொல்லிடறேன். சிப்காட் பக்கத்துல இருக்கிறவங்க நாங்க. சிதம்பரம் ரோட்டுல கார்ல போறப்ப கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போற எடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு ஏத்தறதுக்குக் கண்ணாடி இல்ல. 2004 வாக்குல இங்க ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. ஊர்க்காரங்களே நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் காத்து, என்ன நாத்தம், எந்தக் கம்பெனி மதில் ஓரம். அழுகுன முட்டையா, பொண வாடையா, எல்லாம் எழுதுவாங்க. பிளாஸ்டிக் வாளிக்குள்ள பை வச்சு காத்தைப் பிடிச்சு அமெரிக்காவுல லேபுக்கு அனுப்பி, என்னென்ன விஷம் இருக்குன்னு அறிக்கையா வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட் கண்காணிப்புக் குழுவே இங்க வந்து பாத்துச்சு. 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட பட்டியல்ல, நாட்டுலயே ரொம்ப மோசமா மாசுபட்ட எடங்கள்ல ஒண்ணா கடலூர் ஏறுச்சு.

அதுல எனக்கு ஒரு பாடம் இருக்கு. "நாறுது"ன்னு சொன்னா யாரும் கேக்கல. "ராத்திரி 11 மணிக்கு, தெற்குக் காத்துல, இந்த எடத்துல"ன்னு எழுதுனப்ப கேக்க வேண்டி வந்துச்சு. அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. 2025 மே மாசம்கூட குடிகாட்டுல ஒரு ஆலையோட கழிவுநீர்த் தொட்டி விடியக்காலையில வெடிச்சு, தூங்கிக்கிட்டு இருந்த சனங்க வீட்டுக்குள்ள சாயத்தண்ணி புகுந்துச்சு. குறை சொல்றது ஒரு தடவை செய்யற வேலை இல்ல. களை எடுக்கற மாதிரி. எடுத்த எடத்துலயே மறுபடி மொளைக்கும், மறுபடி எடுக்கணும்.

இப்ப நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க.

உங்களுக்குக் கவுன்சிலர் இருக்காங்க. 2022 பிப்ரவரியில ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தீங்க. எங்க கடலூரே 2021-ல மாநகராட்சி ஆகி, அந்தத் தேர்தல்லதான் முதல் மேயரைப் பாத்துச்சு. கிராம சபை மாதிரியே உங்களுக்கும் ஏரியா சபைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 2022 நவம்பர் 1-ம் தேதி தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல நடந்த கூட்டத்துல முதலமைச்சரே வந்து உக்காந்தாரு. சென்னையில இருக்கிற என் அக்கா பையன் கிட்ட கேட்டேன், "உங்க ஏரியா சபை எப்படா மாப்ள நடந்துச்சு?"ன்னு. "அப்படின்னா என்ன மாமா?"ன்னு கேட்டான். அவன் பெரிய கம்பெனியில வேலை. தெருவுல குழி இருந்தா போட்டோ எடுத்து போன்ல போடறான், முந்நூறு பேர் லைக் போடறாங்க. குழி அப்படியே இருக்கு. வார்டு கவுன்சிலர் பேர் அவனுக்குத் தெரியாது.

எங்களுக்குப் போய்க் கேக்க ஆளு இல்ல. உங்களுக்கு ஆளு இருக்கு, கேக்கப் போறதில்ல. ரெண்டும் கடைசில ஒரே எடத்துலதான் போய் நிக்குது. யாரும் கேக்கலன்னா, கேக்க ஆளு தேவையில்லன்னு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணிடுவாங்க. எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. தலைவர் இல்லாம பத்து மாசம் ஓடிப் போச்சு, எங்க ஊர்லயே பாதிப் பேர் அதை ஒரு குறையா நெனைக்கல. "அவனுங்க இருந்து மட்டும் என்ன கிழிச்சானுங்க"ன்னுதான் பேசறாங்க. அந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

எங்க மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லணும். எங்க ஊர் அளவுக்குக் கிராம சபைக்கு நூறு பேர் வந்தாத்தான் கணக்கு. கையெழுத்து நோட்டுல நூத்துக்கு மேலதான் இருந்துச்சு. ஆனா கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிப் பேர் தீர்மானம் படிக்கிறப்ப அங்க இல்ல. நூறு நாள் வேலைக்கு வந்தவங்களை உக்கார வச்சு கணக்கு காமிச்சதும் நடந்திருக்கு. தீர்மானத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தவங்க எத்தனை பேர்? முப்பது வருஷமா நானே ரெண்டு மூணு தடவைதான் படிச்சிருக்கேன்.

வர்ற நவம்பர் 1, சனிக்கிழமை, அடுத்த கிராம சபை. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி வச்சிருக்கேன். இந்த ரயில்வே கேட்டுல என்ன செய்யப் போறீங்க, அதுல மழைத் தண்ணி எப்படி வடியும், டிராக்டரும் அறுவடை மிஷினும் எப்படிப் போகும், இதை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஊரைக் கூட்டி வரைபடத்தைக் காட்டிப் பேசணும். ரெண்டாவது, ஊராட்சித் தேர்தலை சீக்கிரம் நடத்தணும். இவ்வளவுதான் தீர்மானம். பத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன், இன்னும் போகணும். பெரியம்மா கிட்டயும் சொன்னேன், "நீங்கதான் முதல் கையெழுத்து"ன்னு. "எனக்குக் கைநாட்டுதான்டா"ன்னாங்க. "கைநாட்டு கால் கணக்கு இல்ல பெரியம்மா, முழுசா ஒண்ணு"ன்னேன். அவங்களுக்கு அது புரியல. உங்களுக்குப் புரியும்.

மழை கொஞ்சம் விட்டிருக்கு. கல்வெட்டுப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரணும். நீங்களும் இந்த வாரம் உங்க வார்டு கவுன்சிலர் வீடு எந்தத் தெருன்னு மட்டும் விசாரிச்சு வைங்க. போகணும்னு கூட சொல்லல. எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க.